பச்சை வண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பன்னாட்டு நிறுவனங்களில் காணொளிக் கூட்டங்களுக்கு விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். பல நாட்டுக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள். 'இனி எல்லா மீட்டிங்கிலும் கேமரா ஆனில் இருக்க வேண்டும்' என்று அதில் எழுதியவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடுவாரியாக அட்டவணை போட்டு, கேமரா போடுகிற நாட்டுக்குப் பச்சை, போடாத நாட்டுக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டுகிறவர்கள். மனிதவளத் துறை, ஐ.டி. துறை, 'டிஜிட்டல் மாற்றம்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்ட துறை, எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் தினமும் ஐந்தாறு நாட்டு ஆட்களோடு திரையில் பேசிப் பிழைப்பு நடத்தும் ஆள். கேமராவின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. என் வழக்கு அந்த அட்டவணையோடுதான். அதில் பச்சையாகத் தெரிவதைக் காணொளியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நீங்கள் படிக்கிறீர்கள். பல நாடுகளில் அது வெறும் கீழ்ப்படிதல். சிவப்பாகத் தெரிவதைப் பழமைவாதம், பயிற்சி போதாமை என்று படிக்கிறீர்கள். அங்கே பெரும்பாலும் யாரோ ஒருவர் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

கெர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளரை உங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடமிருந்து வாங்கிய 1 லட்சத்துக்கும் அதிகமான கேள்வித்தாள்களை அலசி, 1980 முதல் நாடுகளின் பணியிடக் கலாசாரத்துக்கு மதிப்பெண் போட்டவர். அதில் ஒன்று அதிகார இடைவெளி. மேலே இருப்பவருக்கும் தனக்கும் நடுவில் இருக்கும் ஏற்றத்தாழ்வை, கீழே இருப்பவர் எந்த அளவுக்கு 'உலகம் இப்படித்தான்' என்று எடுத்துக்கொள்கிறார் என்பதன் அளவு. மலேசியாவுக்கு 104, இந்தியாவுக்கு 77, டென்மார்க்குக்கு 18, ஆஸ்திரியாவுக்கு 11.

இப்போது உங்கள் சுற்றறிக்கையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி அதிகமுள்ள இடத்தில் மேலிடத்திலிருந்து 'கேமராவை ஆன் செய்' என்று வந்தால் ஆன் செய்வார்கள். பிடித்ததா, பயன்பட்டதா, அதில் வேலை நடந்ததா என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இடைவெளி குறைவான இடத்தில் அதே உத்தரவு வந்தால் முதல் ஆளே 'எதற்கு?' என்று கேட்பார். அங்கே ஏற்பு என்பது காரணம் சொல்லி வாங்க வேண்டிய ஒன்று. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து, முதல் நாட்டுக்குப் பாராட்டும் இரண்டாம் நாட்டுக்குக் கூடுதல் பயிற்சியும் கொடுக்கிறீர்கள்.

'எதற்கு?' என்ற கேள்வி வெறும் முரண்டு என்று நினைத்தால் 2022இல் நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அங்கிருந்தே வேலை செய்த ஒருவர், நாள் முழுக்க வெப்கேமை ஆனில் வைத்திருக்க மறுத்தார். வேலை போனது. நீதிமன்றத்துக்குப் போனார். தனிவாழ்க்கைக்கு மரியாதை கோரும் உரிமையை இது மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சொல்லி, சுமார் 75,000 யூரோ தரும்படி உத்தரவிட்டது. ஜெர்மனியில் இதைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. ஊழியரின் நடத்தையையோ வேலைத் திறனையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும், அங்கே ஊழியர்கள் தேர்ந்தெடுத்த குழுவுக்கு அதில் சேர்ந்து முடிவெடுக்கும் உரிமை உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. மீட்டிங் மென்பொருள் யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று பதிவு செய்தாலே இந்தப் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். உங்கள் அட்டவணையில் ஜெர்மனி எப்போதும் பின்தங்கித் தெரிவதற்கு அங்கிருப்பவர்களின் கூச்சம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

கருவி நல்லதாக, எளிதாக இருந்தால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்பது பழைய நம்பிக்கை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் முகம் பார்த்துப் பேசும் பிக்சர்போனைக் காட்டிய ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமும் அப்படித்தான் நம்பியது. 1970இல் பிட்ஸ்பர்கில் மாதம் 160 டாலருக்குச் சேவையைத் தொடங்கியது. எடுபடவில்லை. விலை ஒரு காரணம், எதிர்முனையில் அதே கருவி வைத்திருப்பவர் இல்லாதது இன்னொன்று. இன்று காணொளியில் விலை ஒரு தடையாக இல்லாமல் போன பிறகும் கேள்வி தீரவில்லை என்பதுதான் விஷயம்.

1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் இந்த நம்பிக்கையை ஒரு கோட்பாட்டு மாதிரியாகவே (model) கட்டினார். பயனுள்ளது என்று தோன்ற வேண்டும், சுலபம் என்று தோன்ற வேண்டும், அப்போது ஆள் பயன்படுத்துவார். 1997இல் ஸ்ட்ராப், கெயில், பிரென்னர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மூன்று விமான நிறுவனங்களின் ஊழியர்களிடம் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் மாதிரி பொருந்தியது. ஜப்பானில் பொருந்தவில்லை. கருவி அதேதான், தொழில் அதேதான். ஒரு மனிதர் ஒரு கருவியை எடுப்பதற்கும் விடுவதற்கும் பயன், சுலபம் தவிர வேறு கணக்குகளும் உண்டு என்பதற்கு இதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த வேறு கணக்குகள் கூட்டத்துக்குள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒரு திட்டத்தின் கெடு பற்றிய கூட்டம். 18 பேர், 18 சதுரங்கள். கடைசி ஸ்லைடு முடிகிறது. தலைமையகத்துக்காரர் கேட்கிறார்: "கேள்வி ஏதாவது? ஆட்சேபணை?" மூன்று விநாடி. ஒருவர் மியூட்டை எடுக்கிறார், மைக் அடையாளம் ஒருமுறை மின்னுகிறது. அதற்குள் "சரி, அப்போ எல்லோருக்கும் ஓகே" என்று குரல் வந்துவிடுகிறது. மைக் அடையாளம் மறுபடி அணைகிறது. எல்லோரும் சிரித்துக் கையசைக்கிறார்கள். ஜன்னல் மூடிய மறு நிமிடம் எனக்குத் தனிச் செய்திகள் வந்து விழுகின்றன. "அந்தத் தேதிக்கு முடியவே முடியாது, டெஸ்டிங்குக்கே மூணு வாரம் வேணும்." "நான் சொல்லலாம்னு பார்த்தேன், மேனேஜர் இருந்தார்." "நீங்க கொஞ்சம் சொல்லிடுங்களேன்." உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் அது வராது. மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொண்டு நீங்கள் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள்.

இங்கே கலாசாரத்தோடு இயந்திரமும் கூட்டுச் சேர்கிறது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பத்து மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்தில் மிக நீண்ட இடைவெளி டேனிஷ் பேசுபவர்களுடையது, அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. மிகக் குறைந்தது யாருடையது தெரியுமா? ஜப்பானியர்களுடையது. கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை. 'ஜப்பானியர்கள் யோசித்து நிறுத்திப் பேசுவார்கள்' என்று பயிற்சி வகுப்பில் கேட்டவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அளந்தது சாதாரணப் பேச்சில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை. தெரிந்தவர்களோடு சட்டென்று பதில் சொல்கிற அதே மனிதர், மேலதிகாரிகள் நிறைந்த திரையில் ஏன் வாயடைத்துப் போகிறார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

இதன் மேல் நெட்வொர்க் தாமதத்தை வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக 150, வர 150 என்று வைத்துக்கொண்டால், மனிதர்கள் பேச்சில் விடும் இயல்பான இடைவெளியைவிட அது அதிகம். கண்டம் தாண்டிப் போகும் அழைப்பில் இதைவிடவும் கூடும். ஒருவர் பேசி முடிக்கக் காத்திருந்து பேசத் தொடங்குகிறவருக்கு இந்த அமைப்பில் முறையே வராது. குறுக்கே புகுந்து பேசிப் பழகியவருக்கு எப்போதும் வரும். இதில் வேதனையான பகுதி வேறு: தாமதம் இருக்கும்போது நாம் குறை சொல்வது இணைப்பை அல்ல, எதிரில் இருப்பவரை. கவனமில்லாதவர், பட்டும்படாமல் இருப்பவர் என்று அவர்மீதே முடிவு கட்டுகிறோம் என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஈடுபாடு குறைவு' என்று ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு முன், அவர் எந்தக் கண்டத்தில் எந்த இணைப்பில் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கும் வழக்கம் உங்களிடம் இருக்கிறதா?

கூட்டம் எதற்கு என்பதிலேயே நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. சில இடங்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அங்கேயே சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். ஜப்பானில் நெமவாஷி என்றொரு வழக்கம்: முடிவு சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் முன்னாலேயே தனித்தனியாகப் பார்த்துப் பேசி, சம்மதம் வாங்கி, பிறகுதான் கூட்டம். கூட்டம் அங்கே ஏற்கெனவே முடிந்ததை முறைப்படி அறிவிக்கும் இடம். அங்கே போய் 'இப்போது எல்லோரும் மனம் விட்டுப் பேசுவோம்' என்றால் என்ன ஆகும்? முன்பெல்லாம் நேரில் போனவர்கள் லிஃப்ட்டிலும் வராந்தாவிலும் காபி குடிக்கும் இடத்திலும் அந்த வேலையைச் செய்தார்கள். நீங்கள் பயணச் செலவை மிச்சம் பிடித்தபோது கூட்டத்தைத் திரைக்கு மாற்றினீர்கள். வராந்தாவை மாற்றவில்லை. 'இவர்கள் ஏன் இன்னும் நேரில் வரச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள்' என்று கேட்டால் பதில் அங்கே இருக்கிறது.

உட்காரும் இடத்துக்கும் இதே கதை. ஜப்பானியக் கூட்ட அறையில் கதவிலிருந்து தள்ளி இருக்கும் இருக்கை மூத்தவருக்கு, கதவோரம் இளையவருக்கு. திரை இதையெல்லாம் கலைத்து எல்லோருக்கும் ஒரே அளவுச் சதுரம் கொடுத்துவிடுகிறது. டென்மார்க்குக்காரருக்கு அது வீட்டில் இருப்பது போலத்தான் இருக்கும். வேறு சிலருக்கு யாரை முதலில் விளிப்பது, யார் முதலில் வெளியேறுவது என்றே தடுமாற்றம். இதில் நல்லதும் ஒன்று இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நேர்க் கூட்டத்தில் வாயே திறக்காத இளையவர்கள் சாட் பெட்டியில் துணிந்து எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை காணொளி கொடுத்த பெரிய வரம் வீடியோ இல்லை, பக்கத்தில் இருக்கும் அந்தத் தட்டச்சுப் பெட்டி. உங்கள் அட்டவணை அதை எண்ணுவதே இல்லை.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 'கேமராவைப் பார்த்துப் பேசுங்கள், நம்பிக்கை வளரும்' என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. ஃபின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியர்களையும் ஒப்பிட்டு 2013இல் வந்த ஆய்வில், நேராகக் கண்ணைப் பார்க்கும் முகத்தை ஜப்பானியர்கள் கூடுதல் கோபமுள்ளதாகவும் அணுக முடியாததாகவும் மதிப்பிட்டார்கள். மேலதிகாரியின் கண்ணை உற்றுப் பார்ப்பதை மரியாதைக் குறைவாக எண்ணும் இடங்கள் பல. ஒரு முகம் திரை நிறைய வந்து, விலகாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அங்கே எப்படிப்பட்ட அனுபவம் என்பதைக் கையேடு எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் கலாசாரத்தின் தலையில் கட்டிவிடுவதும் ஒரு தப்பித்தல்தான். ஒருவர் கேமராவை அணைத்து வைக்கிறார் என்றால் அவர் வீட்டில் தனியறை இல்லாமல் இருக்கலாம், பின்னால் குழந்தை தூங்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். அது வருமானமும் வீட்டின் அளவும் சம்பந்தப்பட்ட விஷயம். இரவு பத்தரை மணிக்கு வைத்த கூட்டத்தில் ஒரு நாட்டுக்காரர்கள் மட்டும் களைத்துத் தெரிந்தால் அது அவர்களின் தேசியக் குணம் ஆகாது. உங்களுக்கு அது மதிய நேரம் என்பதுதான் காரணம். 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021இல் வந்த ஆய்வு ஒன்று, கேமரா ஆனில் இருப்பது சோர்வைக் கூட்டுகிறது என்றும், பெண்களிடமும் வேலைக்குப் புதியவர்களிடமும் அது இன்னும் அதிகம் என்றும் கண்டது. ஒரே நாட்டுக்குள், ஒரே அலுவலகத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கும்.

ஹாஃப்ஸ்டீட் எண்களையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவை நாட்டுச் சராசரிகள். ஒரு தனி மனிதர்மீது ஒட்டிப் பார்க்கக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே எடைபோடலாமா என்று 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் கேட்டது இன்றும் நியாயமான கேள்வி. 'இந்தியர்கள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்' என்று ஒரு ஸ்லைடு உங்கள் பயிற்சியில் வருகிறது. சொல்வார்கள். யாரிடம், எந்த இடத்தில், எத்தனை பேர் முன்னால் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

கலாசாரம் அசையாத பாறையும் இல்லை. ஜூமில் ஒரு நாளில் நடக்கும் பங்கேற்புகள் 2019 டிசம்பரில் 1 கோடி; 2020 ஏப்ரலில் 30 கோடி. அந்த வசந்தத்தில், கையெழுத்துக்குப் பதிலாக ஆவணத்தில் பதிக்கும் பெயர் முத்திரையைக் குத்துவதற்காக மட்டும் ரயிலேறி அலுவலகம் போன ஜப்பானிய ஊழியர்கள் செய்தியானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் டாரோ கோனோ, அரசு அலுவல்களில் முத்திரையை விட்டொழியுங்கள் என்று அமைச்சகங்களைக் கேட்டுக்கொண்டார். காலங்காலமாக இருந்த வழக்கம் சில மாதத்தில் ஆட்டம் கண்டது. ஆகவே 'அவர்கள் மாறவே மாட்டார்கள்' என்று கைவிடவும் தேவையில்லை. வேறு வழியில்லாமல் பயன்படுத்திய காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு 'எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று கொண்டாடவும் தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில் அந்த நாடுவாரி அட்டவணையை எடுத்துவிடுங்கள். கேமராவை ஆன் செய்வதா என்பதை அந்தந்தக் குழுவே முடிவு செய்யட்டும். முதல் அறிமுகக் கூட்டத்துக்கு வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், பெரும்பாலோர் போடுவார்கள். முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை ஒரு நாள் முன்னதாகவே எழுத்தில் அனுப்புங்கள். அதன்மீது எழுத்திலேயே ஆட்சேபணை சொல்ல வழி வையுங்கள். அந்தக் கருத்துகளை யார் சொன்னது என்று சொல்லாமல் கூட்டத்தின் தொடக்கத்தில் நீங்களே வாசியுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் எனக்கு வரும் தனிச் செய்திகளில் பாதி நின்றுவிடும். தலைமையகத்துக்காரர் கடைசியாகப் பேசட்டும். அவர் கருத்தைக் கேட்ட பிறகு மாற்றுக் கருத்து சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. கேட்டுவிட்டு மூன்று விநாடியில் மூடாதீர்கள், பத்து விநாடி பொறுங்கள். அந்தப் பத்து விநாடி உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இரவு நேரக் கூட்டத்தைச் சுழற்சியில் வையுங்கள், ஒரு முறை நீங்களும் நள்ளிரவில் உட்காருங்கள். புதிய குழு என்றால் தொடக்கத்தில் ஒரு தடவையாவது நேரில் சந்திக்கப் பணம் ஒதுக்குங்கள். முகத்தை முதலில் பழகிக்கொண்டு வேலையைப் பிறகு தொடங்குகிற இடங்களில், அந்த ஒரு பயணம் பிறகு வரும் பல காணொளிகளுக்கு உயிர் கொடுக்கும்.

அளந்தே தீர வேண்டும் என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள். பெயர் வேண்டாம், சின்னக் குழுக்களைச் சேர்த்துவிடுங்கள், யார் சொன்னது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி. ஒன்று: கட்டாயம் இல்லையென்றாலும் இந்தக் கூட்டத்துக்கு வருவீர்களா? இரண்டு: போன மாதம் ஏதாவது ஒரு கூட்டத்தில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது உண்டா? இரண்டாவது கேள்விக்கு எந்த நாட்டில் எத்தனை 'உண்டு' வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வண்ணம் தீட்டுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் சொல்வதாக இருந்தால், தயவுசெய்து அதற்கு ஒரு மீட்டிங் போட வேண்டாம். அடுத்த சுற்றறிக்கை கிளம்புவதற்கு முன்னால் எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருவர்